ஏனுங்க என்று நீ கேட்ட பந்தி

அம்மிணி,

நான்கு நாள் மழைக்குப் பிறகு இன்று காலையில்தான் குன்னூருக்கு வெயில் வந்தது. குடையை ஊன்றிக்கொண்டு மார்க்கெட் படிக்கட்டில் இறங்கினேன். பாதிப் படியில் அந்த வாசனை வந்து என்னை நிறுத்தியது. பேக்கரியில் அடுப்பைத் திறந்திருக்கிறார்கள். "பாண் வெந்துருச்சு" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. பின்னால் வந்த ஒரு நல்ல மனுஷன், கிழவனுக்கு உதவலாம் என்று நினைத்து, "பானுங்களா? பீடாக் கடை மேல பஸ் ஸ்டாண்டுகிட்ட இருக்குதுங்க" என்று கை காட்டினார். படிக்கட்டிலேயே நின்று வயிறு குலுங்கச் சிரித்தேன். அவர் இரண்டு படி தள்ளி நின்று என்னைப் பார்த்தார்.

சிரிக்காமல் என்ன செய்ய? உனக்கு முதன்முதலில் அதே வழியைக் கை காட்டிய மகானுபாவன் நான்தானே.

நீ கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, அங்கிருந்து இந்த மலைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. ஜெகதளா பக்கத்துத் தோட்டத்தில் உங்கள் குடும்பத்துக்குக் கொழுந்து பறிக்கும் வேலை கிடைத்திருந்தது. எங்கள் மளிகைக் கடை வாசலில், உன் அளவுக்கு இரண்டு மடங்கு பெரிய ஒரு ஸ்வெட்டருக்குள் நின்றுகொண்டு, "பாண் இருக்குங்களா?" என்று கேட்டாய். எனக்குத் தெரிந்த பான் சேட்டு கடையில் வெற்றிலையில் மடித்துத் தருவது. மேலே போகச் சொன்னேன். போனாய். பத்து நிமிடத்தில் கையில் ஒரு பீடாவோடு திரும்பி வந்தாய். கண் சிவந்திருந்தது.

"பசிக்குதுன்னு பாண் கேட்டா வெத்தலையைக் குடுத்து அனுப்புறீங்க. நல்ல ஊருங்க இது!"

கடையை அப்படியே விட்டுவிட்டுப் பேக்கரிக்கு ஓடினேன். நாங்கள் ரொட்டி என்று சொல்வதுதான் உங்கள் பாண் என்பதும், நீங்கள் ரொட்டி என்று சொல்வது தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்து கல்லில் சுடுவது என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நீ பாதிப் பாணைப் பிய்த்து என்னிடம் நீட்டி, "நீங்களும் சாப்புடுங்க. தனியா எப்பிடித் திங்கிறது?" என்றாய். கடை வாசலில் நின்று, முன்பின் தெரியாத ஒரு பெண்ணோடு நான் சாப்பிட்டேன். ஊர் பார்த்தது. நான் பார்க்கவில்லை.

நம் கல்யாணத்துக்கு அப்பா சம்மதிக்க ஒரு வருடம் ஆனது. "வேரும் தெரியாது, வெதையும் தெரியாது. சிலோன்காரி நம்மூட்டுக்கு எதுக்கு?" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உன் அப்பாவைக் கூட்டி வந்து உட்கார வைத்தபோது, அவருடைய தாத்தா கப்பலேறிப் போனது நாமக்கல் பக்கத்திலிருந்து என்று தெரிந்தது. அப்பாவின் முகம் கொஞ்சம் இளகியது. "அட, நம்ம பக்கந்தானுங்களா?" என்றார். நூறு வருடம் வெளியே இருந்த குடும்பம் அந்த ஒரு வார்த்தையில் நம் பக்கம் ஆகிவிட்டது. ஆனால் சிலோன்காரி என்ற பெயர் மட்டும் உன்னை விடவில்லை. சமையலில் உப்புக் கூடினாலும் சிலோன்காரி, துணி காயாவிட்டாலும் சிலோன்காரி. குன்னூரில் எவள் துணி காய்ந்தது?

எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு ஒரு வரிசை இருந்தது உனக்குத் தெரியும். முதலில் அப்பா. பிறகு கடையிலிருந்து நான். பிறகு வந்த ஒறம்பரை, அதாவது எந்த வேளையிலும் வந்து நிற்கும் சொந்தபந்தம். அதற்கப்புறம் அம்மா. கடைசியில் நீ. உன் முறை வரும்போது மணி மூன்று. அடுப்பு அணைந்து, ரசம் ஆறி, நீ அடுக்களை மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவாய். அதை யாரும் கொடுமை என்று நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை என்பதுதான் எனக்கு வெட்கம்.

ஒரு நாள் நீதான் சொன்னாய். "எங்க தோட்டத்து லயன் வீட்டுல ஒரே ஒரு காம்பரா, ஒரு அறைதாங்க. அப்பாவும் அம்மாவும் காலையில பேர் கூப்புடுற பிரட்டுக்கு ஒன்னா நிப்பாங்க, ஒன்னா மலையில வேலை செய்வாங்க, ஒன்னா வந்து அடுப்பைச் சுத்தி உக்காந்து சாப்புடுவோம். இல்லாத வீடுதான். ஆனா ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்து சாப்புடுவோம். நான் கட்டிக்கிட்டு ஆறு மாசமாச்சு. நீங்க சோறு சாப்புடுறதை நான் இன்னும் பாத்ததில்லை. எனக்கு நகை வேணாம், சேலை வேணாம். உங்களுக்கு எதுக்க உக்காந்து ஒரு வேளை சோறு சாப்புடணும்."

இதைக் கேட்டுவிட்டு என்னால் எப்படிச் சும்மா இருக்க முடியும்? ஆனால் அப்பாவிடம் கேட்கும் தைரியமும் எனக்கு இல்லை. தைரியம் இல்லாதவன் செய்வதைத்தான் செய்தேன். தந்திரம்.

குழந்தை வரம் வேண்டி மாதம் ஒரு நாள் மருதமலைக்கு வருவதாக நாம் இருவரும் வேண்டிக்கொண்டிருக்கிறோம் என்று அம்மாவிடம் ஒரு போடு போட்டேன். அம்மாவுக்கு அப்படியே கண் கலங்கிவிட்டது. முதல் பஸ்ஸுக்கே நம்மை அனுப்பி வைத்தாள். முருகனை ஏமாற்றவில்லை. படியேறிக் கும்பிட்டுவிட்டுத்தான் இறங்கினோம். ஆனால் அவனிடம் இருந்த நேரத்தைவிட, கோயமுத்தூர் ஓட்டலில் இருந்த நேரம் எப்போதும் கொஞ்சம் கூடுதல்.

முதல் முறை நினைவிருக்கிறதா? கூடத்தின் ஓரமாகத் தடுப்பு அறைகள் இருந்தன. குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு என்று பச்சைத் திரை போட்டு வைத்திருந்தார்கள். உட்கார்ந்தவுடன் நான் திரையை இழுத்து மூடினேன்.

"எதுக்கு மூடுறீங்க?"

"ஆராச்சும் பாத்துப் போடுவாங்க அம்மிணி."

"பாக்கட்டும். தாலி கட்டுன புருஷனோடதானே சாப்புடுறேன்? திருடித் திங்கிற மாதிரி இருக்குங்க." நீ திறந்தாய்.

நான் மூடினேன். நீ திறந்தாய். சாம்பார் வாளியோடு வந்த சர்வர் வெளியே நின்று, "மூடறீங்களா தொறக்கறீங்களா, ஏதோ ஒண்ணு சொல்லிப்போடுங்க. கை கொதிக்குதுங்க" என்றார். பாதி மூடியும் பாதி திறந்தும் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். நீ முதல் கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாய். எனக்குக் கூச்சமாக இருந்தது.

"ரசஞ்சோறு சாப்புடும்போது கண்ணை மூடிக்கிறீங்க" என்றாய், பெரிய ரகசியத்தைக் கண்டுபிடித்தவள் மாதிரி. எனக்கே தெரியாத சங்கதி அது. நானும் உன்னைப் பார்த்தேன். உருளைக்கிழங்கு வறுவலை இலையின் ஓரத்தில் ஒளித்து வைத்து, கடைசியில் மோர்ச் சோற்றோடு ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றாய். கட்டிய பெண்டாட்டிக்கு உருளைக்கிழங்கு பிடிக்கும் என்று எனக்கு ஆறு மாதம் கழித்து, நாற்பது மைலுக்கு அப்பால் தெரிந்தது. அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று உன்னிடம் சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன். அதற்குப் பிறகு எத்தனையோ நல்லது நடந்திருக்கிறது. அந்தச் சாப்பாட்டுக்கு அவை எதுவும் ஈடில்லை.

பிறகு மாதா மாதம் போனோம். ஒரு மாதம் இட்லிக்குப் பெயர் போன கடை, ஒரு மாதம் பிரியாணிக் கடை. பிரியாணி தின்ற நாளில் மட்டும் மலையேறவில்லை, கீழிருந்தே கும்பிட்டுக்கொண்டோம். ஏழாவது மாதம் உனக்கு நாள் தள்ளிப் போனது. "முருகன் கண்ணத் தொறந்துட்டான்" என்று அம்மா தெருவுக்கே சர்க்கரை கொடுத்தாள். நீயும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். பார்த்திருந்தால் சிரித்துத் தொலைத்திருப்போம்.

நம் குட்டு உடைந்தது ஒரு வடையால்.

வேண்டுதல் பலித்ததற்கு நன்றி சொல்ல என்று மறுபடியும் கிளம்பிய நாள். திரும்பி வரும் வழியில் மண் சரிந்து பஸ் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டது. குன்னூரில் இறங்கியதும் "சரியான பசிங்க, இனி ஒரு அடி நடக்க மாட்டேன்" என்றாய். வயிற்றுப் பிள்ளைக்காரி சொன்னால் கேட்க வேண்டியதுதானே. வீடு கூப்பிடு தூரம் என்பதையும் மறந்து பேக்கரிக்குள் நுழைந்தோம். உன்னை ஒரு மேசையில் உட்கார வைத்துவிட்டு டீ சொல்லப் போனேன். திரும்பி வந்தால், மேசை நடுவில் வடையும் வர்க்கி பிஸ்கட்டும் இருந்த தட்டிலிருந்து நீ வடை தின்றுகொண்டிருக்கிறாய். ஒன்று முடிந்து இரண்டாவதில் பாதி.

"நம்ம ஊரு மாதிரியே வச்சிருக்காங்க!" என்று உன் முகமெல்லாம் சந்தோஷம்.

சிலோனில் தேத்தண்ணிக் கடையில் போய் உட்கார்ந்தாலே வடையும் பன்னும் தட்டு நிறைய மேசைக்கு வந்துவிடுமாம். வேண்டியதைத் தின்றுவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடலாமாம். எனக்கு அது தெரியாது. ஆனால் அந்தத் தட்டு யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கை கழுவிவிட்டு வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்தவர், இத்தலாரிலிருந்து காய்கறி ஏற்றி வரும் வியாபாரி, அப்பாவின் இருபது வருடத்துச் சிநேகிதர். அன்றையிலிருந்து சாகும் வரை நமக்கு அவர் வடைக்காரர்.

அவர் என்னைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, "வடை நல்லாருக்குதுங்களா அம்மிணி?" என்றார்.

"மொறுமொறுப்பு பத்தாதுங்க" என்றாய் நீ. அதோடு விட்டாயா? தட்டை அவர் பக்கம் தள்ளி, "நீங்களும் ஒன்னு எடுத்துக்குங்க" என்று உபசாரம் வேறு.

மனுஷன் தன் தட்டிலிருந்த வர்க்கி ஒன்றை உன் கையால் வாங்கித் தின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏனுங்க தம்பி, மருதமலை போயிருக்கறீங்கன்னு இப்பத்தானே உங்கப்பாரு சொன்னாரு?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் வாயில் வடை தங்கும், வார்த்தை தங்காது. நாம் டீ குடித்து முடித்து வீட்டுக்குப் போவதற்குள் செய்தி போய்விட்டது.

அப்பா கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். அம்மா அவருக்குப் பின்னால், முகம் வாடி. என்னிடம் அப்பா எதுவும் கேட்கவில்லை. உன்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ஊட்டுச் சோறு கசந்து போச்சா அம்மிணி? ஊட்டுப் பொம்பளை ஓட்டல்ல உக்காந்து திங்கறதை நாலு பேரு பாத்தா என்ன நெனைப்பாங்க?"

நீ அழவில்லை. அம்மாவைப் பார்த்து, "அத்தை, உங்க சோறு கசக்குமா?" என்றாய். பிறகு அப்பாவிடம், "சோறு கசக்கலை மாமா. தனியா சாப்புடுறதுதான் கசக்குது" என்றாய்.

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். கூட்டிப் போனவன் நான், பொய் சொன்னவன் நான். குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அப்பா, "இனி மருதமலையும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்றைக்கு நீ என்னைத் திட்டவில்லை. மூன்று நாள் பேசவில்லை, அவ்வளவுதான். நான்காம் நாள், "உங்களுக்குப் பயம். எனக்குப் பசி. ரெண்டுல எது ஜெயிக்குதுன்னு பாப்போம்" என்றாய். மறுபடியும் நீ மூன்று மணிக்குச் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டாய். நான் கடையில் தலையைக் குனிந்துகொண்டு பருப்பு நிறுத்தேன்.

ஏழாம் மாதம் உனக்கு வளைகாப்பு. வீடு நிறைய ஒறம்பரை. இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல் போட்டு உன்னை உள்ளறையில் உட்கார வைத்திருந்தார்கள். தோட்டத்திலிருந்து உன் அப்பாவும் அம்மாவும் இரண்டு தம்பிகளும் வந்திருந்தார்கள். உன் அம்மா விடிவதற்கு முன்பே எழுந்து ஒரு கூடை ரொட்டி சுட்டு, தேங்காயும் செத்தல் என்று நீங்கள் சொல்லும் வற்றல் மிளகாயும் இடித்துச் சம்பல் செய்து எடுத்து வந்திருந்தார். அம்மா அதை வாங்கி, ஏழு வகைச் சோற்றோடு பரிமாற வைத்தாள்.

கூடத்தில் பாய் விரித்து எதிரும் புதிருமாக இரண்டு வரிசை இலை போட்டார்கள். முதல் பந்திக்கு ஆண்கள் உட்கார்ந்தோம். உன் அப்பா ஒரு இலையில் உட்கார்ந்தார். பக்கத்து இலையில், கேள்வியே இல்லாமல், உன் அம்மா உட்கார்ந்துவிட்டார். வேறு எங்கே உட்காருவது என்று அவருக்கு என்ன தெரியும்? ஆயுசு பூராவும் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர். இலையில் சோறு விழுந்துவிட்டது. அப்போதுதான் பெரியப்பா தொண்டையைக் கனைத்தார்.

"ஏனுங்க சம்பந்தியம்மா, பொம்பளைங்கெல்லாம் அடுத்த பந்திங்க. எந்திரிச்சுக்கங்க."

உன் அம்மா பிசைந்த கையோடு உன் அப்பாவைப் பார்த்தார். அவர் தலை குனிந்தார். உன் அம்மா இடது கையைத் தரையில் ஊன்றி எழப் போனார்.

வளையல் சத்தம் முதலில் வந்தது. பிறகு நீ வந்தாய். உள்ளறையை விட்டு வரக்கூடாது என்று யாரோ உன் கையைப் பிடித்ததும் தெரிந்தது, நீ உதறியதும் தெரிந்தது.

"அம்மா, உக்காரு." பிறகு பெரியப்பாவின் இலைக்கு முன்னால் வந்து நின்று, "ஏனுங்க?" என்றாய்.

"சொல்லம்மிணி" என்றார் அவர்.

நம் பக்கத்தில் ஏனுங்க என்றால் ஆளைக் கூப்பிடுவது. கூப்பிட்டாய், அவர் என்ன என்று கேட்டார். தப்பில்லை.

"ஏனுங்க?" என்றாய் மறுபடியும்.

"அட, சொல்லு கண்ணு. காது நல்லாத்தான் கேக்குது."

"ஏனுங்க?"

"சொல்லுன்னு சொல்றனே!"

"கூப்புடலைங்க பெரிய மாமா. கேக்குறேன். ஏன், எதுக்குன்னு கேக்குறேன். எங்கம்மா எதுக்கு எந்திரிக்கணும்?"

பெரியப்பா தம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார். அப்பாவைப் பார்த்தார். அப்பா தன் இலையைப் பார்த்தார். இலையில் பதில் எதுவும் எழுதியிருக்கவில்லை. நாலு தலைமுறையாக அந்த வீட்டில் ஏனுங்க ஏனுங்க என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள், ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. வரிசையின் கடைசியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. வடைக்காரர். "என்ற தட்டுலயே எனக்கு வர்க்கி குடுத்தப்பவே நெனைச்சனுங்க, இது சாமானியமான புள்ளை இல்லைன்னு" என்றார். நாலைந்து பேர் கூடச் சிரித்தார்கள்.

அப்போது அம்மா பாயச வாளியோடு அடுக்களையிலிருந்து வந்தாள். வாளியைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அப்பாவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஏனுங்க" என்றாள்.

முப்பது வருடப் பழக்கம். அப்பா நிமிராமலே "ம்" என்றார்.

"கூப்புடலீங்க. நானுங் கேக்கறனுங்க."

அப்பா நிமிர்ந்தார். அம்மாவை அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. கோபமா, வெட்கமா என்று எனக்கு இன்று வரை சொல்லத் தெரியவில்லை. அவர் நகர்ந்து உட்கார்ந்தார். ஒரு இலை போடும் அளவுக்கு நகர்ந்தார். அம்மா அங்கே உட்கார்ந்தாள்.

அந்த நாளில் நான் செய்தது ஒரே ஒரு காரியம். எழுந்து போய் ஒரு இலையும் பலகையும் எடுத்து வந்து, என் இலைக்கு எதிரில் போட்டேன். இலையை விட்டு நடுவில் எழக்கூடாது என்று யாரோ சொன்னார்கள். எழுந்தாகிவிட்டது. "உக்காரு அம்மிணி" என்று நான் சொன்னது கூடத்துக்கே கேட்டது. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்து, என்னைப் பார்த்து, "உங்களுக்கும் பசி வந்துருச்சா?" என்றாய். பாவி, அத்தனை பேருக்கு முன்னால் என்னை அழ வைத்துவிட்டாய்.

உள்ளே நின்ற பெண்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். பிறகு பார்த்தால் பரிமாற ஆளில்லை. வடைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியைத் தூக்கினார். உன் தம்பிகள் இரண்டு பேரும் சோறு போட்டார்கள். அப்பா ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டு வாயில் வைத்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "என்ன காரமுங்க இது!" என்று மூக்கை உறிஞ்சினார். எல்லோரும் பயந்தோம். "இன்னுங் கொஞ்சம் வைங்க" என்று இலையைத் தட்டினார். உன் அம்மா சிரித்த சிரிப்பு அன்று வீட்டில் போட்ட எல்லா விளக்குக்கும் மேல்.

அதற்குப் பிறகு நமக்கு ராஜாங்கம்தான். மகள் பிறந்து நடக்கத் தொடங்கியதும் அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு கூடலூர் வழியாக மைசூர் போனோமே. அங்கே ஓட்டலில் சர்வர் நம்மைக் குடும்ப அறைக்கு அழைத்துப் போகப் பார்த்தார். அப்பா, "தெரை கிரையெல்லாம் நமக்கு ஆகாதுங்க" என்று நடுக்கூடத்தில், எல்லோருக்கும் தெரிகிற மேசையைப் பிடித்தார். அம்மாவின் தோசையிலிருந்து ஒரு துண்டைக் கேட்காமலே பிய்த்துத் தின்றார். நீ மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாய். ஊட்டி, கோயமுத்தூர், மெட்ராஸ், எந்த ஊருக்குப் போனாலும் முதலில் எங்கே சாப்பிடலாம் என்றுதான் கேட்டோம். மகள் கல்யாணத்தில் நீயும் நானும் எதிரெதிரே உட்கார்ந்தோம். ஆஸ்பத்திரியில் உனக்குக் கஞ்சி மட்டும்தான் என்று சொன்ன கடைசி நாட்களில் நானும் கஞ்சியே குடித்தேன். "சம்பல் இல்லாத கஞ்சி ஒரு கஞ்சியா?" என்று அப்போதும் கேலி செய்தாய். அந்த வளைகாப்பிலிருந்து நாற்பத்தொரு வருடம், அம்மிணி. உன் முகத்தைப் பார்க்காமல் நான் தின்ற வேளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இதை உனக்கு எழுத வேண்டும் என்று ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் ஜெகதளாவில் ஒரு கல்யாணம். தூரத்துச் சொந்தம். மண்டபத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா மைக்கைப் பிடித்து, "சிலோன் பந்தி போட்டாச்சுங்க! சோடி சோடியா வந்து உக்காருங்க!" என்று கூவினார். எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று சந்தேகம். பக்கத்தில் நின்ற ஒருவரைக் கேட்டேன்.

"புருஷம் பொண்டாட்டி ஒண்ணா உக்காந்து சாப்புடறதுக்குப் பேரு அதுதானுங்க. எங்கூட்டுல பெருசுங்க காலத்துலருந்தே அப்பிடித்தான் சொல்லுவாங்க" என்றார்.

"ஏன் அந்தப் பேரு வந்துச்சு?"

"அது தெரியாதுங்களே."

உன்னைக் குத்துவதற்கு அவர்கள் வைத்திருந்த சொல் அது. நீ கண் கலங்கி அடுக்களைக்குள் போனது எத்தனை நாள். இப்போது அந்தச் சொல்லைச் சொல்லிப் பெண்டாட்டிமாரைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். நீ ஜெயித்துவிட்டாய், அம்மிணி. ஜெயித்தது யார் என்றுகூடத் தெரியாத அளவுக்கு ஜெயித்துவிட்டாய்.

சோடி இல்லாதவன் நான், ஓரமாக ஒரு இலையில் உட்கார்ந்தேன். எதிர் இலை காலி. சமையல்கட்டிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். என் வயது இருக்கும், கழுத்தில் தாலி இல்லை. விடியற்காலையிலிருந்து காய் நறுக்கிய கை, சுருக்கம் விழுந்து வெளுத்திருந்தது. உட்காரச் சொன்னேன்.

"இது சோடிப் பந்திங்களே. நான் பொறகு சாப்புட்டுக்கறனுங்க" என்றார்.

"எதுக்க ஒரு ஆள் இருந்தாச் சோடிதானுங்க. நீங்க வந்து உக்காந்தாத்தான் நான் கை வைப்பேன். எங்கூட்டம்மா பழக்கி வெச்சுட்டுப் போயிட்டாங்க" என்றேன். நிஜம்தான். நீ போன பிறகும் நான் எங்கேயும் தனியாகச் சாப்பிட்டதில்லை, எந்தப் பெண்ணையும் நிற்க வைத்துவிட்டுச் சாப்பிட்டதும் இல்லை. கடையில் இருந்தால் மூட்டை இறக்க வந்தவரையாவது எதிரே உட்கார வைத்துவிடுவேன்.

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முதலில் கூச்சத்தோடு குனிந்தே சாப்பிட்டார். ரசம் வந்தபோது நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினார். நானும் கேட்டு வாங்கினேன்.